மாவுக்கு ஓர் இரவு கொடு, கண்ணு

கண்ணு,

புது வீட்டுக்கு ஓடிஜி அடுப்பு வாங்கிவிட்டாயாம். வருகிற சனிக்கிழமை ராத்திரி நண்பர்களைக் கூப்பிட்டு உன் கையாலேயே பீட்சா செய்து போடப் போகிறாயாம். உன் அம்மா சொன்னதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அளவுகளைத் தருகிறேன், குறித்துக்கொள். ஆனால் அளவு தெரிந்தவர்கள் வீட்டிலேயே பீட்சா சரியாக வராமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாவுக்குச் சேர வேண்டிய நேரத்தைக் கொடுக்க மாட்டார்கள். மேலே வைக்க வேண்டியதை அளவோடு வைக்க மாட்டார்கள். அவசரமும் ஆசையும்தான் காரணம். சுற்றியிருந்தவர்கள் பட்ட பாட்டிலிருந்தும் என் அடுப்படியிலிருந்தும் நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நிதானமாகப் படி.

1. முதலில் உன் அடுப்பு எது என்று ஒப்புக்கொள். பீட்சாவின் பிறந்த வீடு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். அங்கே விறகு எரியும் அடுப்பில் 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரை சூடு நிற்கும். உள்ளே போன பீட்சா 60 முதல் 90 வினாடிக்குள் வெந்து வெளியே வந்துவிடும். அந்த முறையைக் காப்பாற்ற 1984-இல் அங்கே ஒரு சங்கம் தொடங்கி விதிமுறைகளை எழுதி வைத்தார்கள். 2017-இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உன் ஓடிஜியோ 250 டிகிரியைத் தாண்டாது. அதில் நேப்பிள்ஸ் பீட்சாவைச் செய்யப் பார்த்தால், மெல்லிய மாவு சிவப்பதற்குள் ஈரமெல்லாம் வற்றி விறைத்துப்போகும். பலர் இந்த இடத்திலேயே மனம் உடைந்து, ‘நமக்கு இது வராது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

வராதது ஒன்றுமில்லை. டெட்ராய்ட் நகரத்துக் கதையைக் கேள். அது கார் தொழிற்சாலைகளின் ஊர். 1946-இல் கஸ் குவெர்ரா என்பவர் தம்முடைய ‘பட்டீஸ்’ கடையில், அந்தத் தொழிற்சாலைகளில் புழங்கிய கனமான இரும்புத் தட்டுகளில் மாவைப் பரப்பிப் பீட்சா சுட்டார். தடித்த அடி, ஓரமெல்லாம் முறுகிய சீஸ், வயிறு நிறைய ஒரு சாப்பாடு. கையில் இருந்த தட்டுக்கு ஏற்ற பீட்சாவை அவர் செய்தார். இன்று அந்த ஊர்ப் பெயரே அந்த வகைக்குப் பெயராகிவிட்டது. நீயும் அந்த வழியில் போ. பத்து அங்குல வார்ப்பிரும்புச் சட்டி இரண்டு வாங்கு. இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அடிமாவை நன்றாக முறுக வைக்கும். 250 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வேகிற தடித்த பீட்சா உன் வீட்டுக்கும், பசியோடு வரும் உன் நண்பர்களுக்கும் பொருத்தமானது.

2. வெள்ளிக்கிழமை ராத்திரியே மாவைக் கலந்துவிடு. இத்தனை அறிவுரையில் ஒன்றை மட்டும்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்றால் இதைப் பிடித்துக்கொள். இரண்டு பீட்சாவுக்கு 400 கிராம் மைதா, 260 மில்லி தண்ணீர், 8 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். உப்பையும் மாவையும் எடைபோட்டு எடு. கண்ணளவு பிறகு தானாக வரும். எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறி அரை மணி நேரம் மூடி வை. பிறகு ஐந்து நிமிடம் பிசை. ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடு. டப்பா பெரியதாக இருக்கட்டும், மாவு இரண்டு மடங்காகும்.

பிசைந்து பிசைந்து கை வலித்தால்தான் நல்ல மாவு என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டு. மாவில் தண்ணீர் பட்டதுமே மைதாவிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தொடங்கிவிடும். கையால் பிசைவது அதைத் துரிதப்படுத்துகிறது, அவ்வளவுதான். நியூயார்க்கில் ஜிம் லேஹி என்ற ரொட்டிக்காரர் பிசையாமலே, ஓர் இரவு முழுக்க வைத்திருந்து ரொட்டி செய்யும் முறையை 2006-இல் ஒரு நாளிதழ் வழியே சொன்னபோது, உலகெங்கும் வீட்டு அடுப்படிகளில் அதைச் செய்து பார்த்தார்கள். நீ தூங்கும்போது மாவு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்த மெதுவில்தான் மாவுக்கு மணமும் லேசான புளிப்பும் ஏறும். சனிக்கிழமை மதியம் நினைத்துக்கொண்டு, ஈஸ்ட்டை இரட்டிப்பாக்கி ஒரு மணி நேரத்தில் பொங்க வைத்த மாவில் ஈஸ்ட் வாடைதான் இருக்கும், ருசி இருக்காது.

மைதா வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார். 100 கிராமில் புரதம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். 11 கிராமை ஒட்டி இருந்தால் நல்லது. கோதுமை மாவு சேர்க்க ஆசை இருந்தால் கால் பங்கு சேர், தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக்கொள். முதல் தடவை வேண்டாம்.

3. ஈஸ்ட் ஓர் உயிர் என்பதை மறக்காதே. பொட்டலத்தில் தூளாகக் கிடக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். ஒரு கரண்டித் தூளில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. ‘வெதுவெதுப்பான தண்ணீர்’ என்று படித்துவிட்டுச் சுடுதண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. 55, 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் மாவு கல்லாகவே கிடக்கும். நம் ஊர் வெயில் காலத்தில் குழாயில் வரும் தண்ணீரே சூடாக இருக்கிறது. பானைத் தண்ணீரை எடுத்து ஊற்று. பிரித்த ஈஸ்ட் பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வை. மசாலா டப்பாக்களோடு அடுப்பு மேடையில் வைக்காதே.

4. கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார். எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி இருந்தது. கோயம்புத்தூரில் தெருவுக்கொரு பேக்கரி என்பது உனக்குத் தெரியும். அங்கே இருந்த வயதான மாஸ்டர் நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். “எத்தனை மணி நேரம் வெக்கோணும்?” என்று ஒரு நாள் கேட்டேன். “மணியைக் கேட்காதீங்க அம்மணி, மாவைக் கேளுங்க” என்றார். மார்கழியில் மூன்று மணி நேரம் எடுக்கிற மாவு சித்திரையில் ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். எந்தப் புத்தகத்தில் எழுதிய நேரமும் அதை எழுதியவர் வீட்டு வெப்பத்துக்குத்தான் பொருந்தும்.

மாவைக் கேட்பது எப்படி என்றும் அவரே காட்டினார். விரலில் மாவைத் தொட்டுக்கொண்டு மெல்ல ஓர் அழுத்து அழுத்து. குழி உடனே நிமிர்ந்துவிட்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, அரைகுறையாக நிமிர்ந்தால் தயார். குழி குழியாகவே கிடந்து, மாவு பெருமூச்சு விட்டதுபோல அமுங்கினால் நேரம் கடந்துவிட்டது. கண்ணாடி டப்பாவாக இருந்தால் அடியில் பார்: சிறிதும் பெரிதுமாகக் குமிழ்கள் நெருங்கி நிற்கும், மூடியைத் திறந்தால் இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு மணம் வரும். அந்த மணம் ஒரு முறை மூக்கில் பதிந்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

5. மாவோடு மல்லுக்கட்டாதே. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மாவை வெளியே எடு. இரண்டாகப் பிரித்து, எண்ணெய் தாராளமாகத் தடவிய இரண்டு சட்டிகளிலும் வைத்து விரல் நுனியால் ஓரம் வரை அழுத்திப் பரப்பு. பாதி தூரம் போனதும் அது பின்வாங்கும். இழுக்க இழுக்கச் சுருங்கும். அப்போது உனக்குக் கோபம் வரும், பலம் போட்டு இழுப்பாய், நடுவில் கிழியும். புரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை உருட்டி எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டு, வேறு வேலை பார்ப்பதைப் பார்த்திருக்கிறாயா? அதே மைதாதான் இதுவும். ஓய்வு கொடுக்காமல் வீசினால் எந்த மாஸ்டர் கையிலும் கிழியும். துணியை மூடிப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு வா. முரண்டு பிடித்த அதே மாவு சொன்ன இடத்துக்கு வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா, அந்த ஆத்திரத்தை மாவு உடனே காட்டிக்கொடுத்துவிடும். பரப்பிய பிறகு சட்டியிலேயே ஒன்றரை, இரண்டு மணி நேரம் மூடி வை. உப்பி மெத்தென்று ஆகட்டும்.

6. தக்காளியின் தண்ணீரை வற்ற வை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன காய். நேப்பிள்ஸ் பக்கம் வெசுவியஸ் எரிமலையடி மண்ணில் விளையும் சான் மார்சானோ வகையில் சதை அதிகம், சாறும் விதையும் குறைவு. அதனால் அவர்கள் அதை வேக வைக்காமல் மசித்து உப்புப் போட்டு அப்படியே பூசுகிறார்கள். நம் நாட்டுத் தக்காளியில் சாறு அதிகம், புளிப்பும் அதிகம். அப்படியே அரைத்து ஊற்றினால் மாவு நடுவில் வேகாமல் நின்றுவிடும். அரைக் கிலோ பெங்களூர்த் தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து மசி. எண்ணெயில் நான்கு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, சிவக்கும் முன்பே தக்காளியைச் சேர்த்து, கரண்டியை இழுத்தால் தடம் நிற்கும் வரை வற்ற விடு. உப்பு போதும். புளிப்பு தூக்கலாக இருந்தால் மட்டும் ஒரு சிட்டிகைச் சர்க்கரை. பாட்டிலில் விற்கும் கெச்சப்பை ஊற்றிவிடாதே. அதிலிருக்கும் சர்க்கரையும் வினிகரும் மற்ற எல்லா ருசியையும் அமுக்கிவிடும்.

பீட்சாவில் போடும் பேசில் இலைக்காகப் பெரிய கடைகளுக்கு அலைய வேண்டாம். நம் ஊரில் திருநீற்றுப்பச்சிலை என்று சொல்கிறோமே, சப்ஜா விதை தருகிற செடி, அதுவும் பேசில் இனமேதான். இத்தாலிய வகையைவிட மணம் கொஞ்சம் காட்டமாக இருக்கும். தொட்டியில் ஒன்று வளர்த்துக்கொள். அடுப்பிலிருந்து எடுத்த பிறகு கிள்ளிப் போடு. முன்பே போட்டால் கருகிவிடும்.

7. சீஸை நீயே துருவு. கட்டியாக விற்கும் மொசரெல்லா வாங்கு. துருவிப் பொட்டலம் போட்டு விற்பதில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள். உருகும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஒரு பீட்சாவுக்கு 150 கிராம் போதும். பன்னீரைத் துருவிப் போட்டு ‘ஏன் உருகவில்லை’ என்று கேட்கிறவர்கள் உண்டு. பன்னீர் எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்தது. அதனால் சூட்டில் இளகாது. மொசரெல்லா ரெனட் என்ற நொதியால் உறைய வைத்து, வெந்நீரில் இட்டு இழுத்து இழுத்துச் செய்தது. அந்த இழுவைதான் உன் தட்டில் நூலாக வருகிறது. ரெனட் சைவமாக இல்லாமலும் இருக்கலாம் என்பதால், சைவ நண்பர்கள் வருகிறார்கள் என்றால் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீ பார்க்க வேண்டும். நம்பி உட்காருகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை அது.

துருவிய சீஸைச் சட்டியின் ஓரத்தைத் தொடும்படி தூவு. இரும்பில் பட்ட சீஸ் உருகி, மாவோரத்தைப் பற்றிக்கொண்டு கருஞ்சிவப்பாக முறுகும். சாப்பிடும்போது எல்லோரும் அந்த ஓரத்துக்குத்தான் போட்டி போடுவார்கள்.

8. மேலே வைப்பதில் கையை அடக்கு. மாவைவிட இங்கேதான் குணம் வெளிப்படும். குடைமிளகாய், வெங்காயம், காளான், சோளம், ஆலிவ், பன்னீர், கோழி என்று வீட்டில் இருப்பதையெல்லாம் குவித்து என் அண்ணன் மகன் ஒரு தடவை பீட்சா செய்தான். பார்க்க வண்ணமயமாக இருந்தது. வெந்து வெளியே வந்தபோது காய்கள் விட்ட தண்ணீர் குளமாக நின்றது, அடியில் மாவு பிசுபிசுவென்று வேகாமல் இருந்தது, எதைக் கடித்தாலும் எதன் ருசியும் தெரியவில்லை. பாவம், அவன் முகம் வாடிவிட்டது. தாராளம் நல்ல குணம்தான், கண்ணு. ஆனால் அது பரிமாறும் கையில் இருக்க வேண்டும், பீட்சாவின் தலையில் இருக்கக் கூடாது.

மூன்றுக்கு மேல் வைக்காதே. காளானையும் வெங்காயத்தையும் முன்பே வாணலியில் வதக்கித் தண்ணீரை வற்ற வைத்துவிடு. கோழியை முழுவதும் வேக வைத்த பிறகே மேலே போடு. பச்சையாகப் போட்டால் பதினைந்து நிமிடத்தில் வேகும் என்று நம்பாதே. மத்தியானம் மிஞ்சிய மட்டன் சுக்கா இருந்தால் அதைப் போலப் பொருத்தமானது வேறில்லை. ஏற்கெனவே வற்றிச் சுருண்ட கறி, தண்ணீர் விடாது. குழம்புக் கறி வேண்டாம். எதை வைப்பது என்று குழம்பினால் நேப்பிள்ஸின் மரினாராவை நினைத்துக்கொள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய். சீஸ்கூடக் கிடையாது. அந்த ஊரின் மிகப் பழைய பீட்சாக்களில் அதுவும் ஒன்று; இன்றும் அதை விரும்பிக் கேட்டுச் சாப்பிடுகிறார்கள்.

9. அடுப்பைக் காய விடு, பிறகு கதவைத் திறக்காதே. ஓடிஜியின் விளக்கு அணைந்ததும் சூடேறிவிட்டது என்று நினைத்துவிடாதே. மேலும் கீழும் கம்பிகள் எரியும்படி வைத்து, 250 டிகிரியில் முழுதாக அரை மணி நேரம் காயட்டும். சட்டியை அடித்தட்டில் வை. வெந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால், சேர்த்து வைத்த சூடெல்லாம் உன் முகத்தில்தான் அடிக்கும். கண்ணாடி வழியே பார். முதலில் ஓரத்தில் சீஸ் பொரிந்து குமிழ் விடும். பிறகு அந்தப் பொரிதல் நடுவை நோக்கி நகரும். நடுவிலும் குமிழ் வந்து, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்தால் வெளியே எடு.

எடுத்ததும் மேலே மயங்கிவிடாதே, அடியைப் பார். தோசைக் கரண்டியை ஓரத்தில் செருகி மெல்லத் தூக்கு. அடி வெளுப்பாக இருந்தால் சட்டியை அப்படியே கேஸ் அடுப்பில், நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடம் வை. ‘சர்ர்’ என்று எண்ணெய் பொரியும் சத்தம் கேட்கும். மறுபடி தூக்கிப் பார்த்தால் பொன்னிறம் ஏறியிருக்கும். இந்த இரண்டு நிமிடத்தைப் பலர் செய்வதில்லை. நீ செய்.

சட்டிக் கைப்பிடியில் ஒரு தடித்த துணியைச் சுற்றியே வை, எடுத்து மேடையில் வைத்த பிறகும். இரும்பு சூடாக இருப்பது பார்த்தால் தெரியாது. கலகலப்பில் யாராவது பிடித்துவிடுவார்கள்.

10. ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும். எடுத்தவுடனே வெட்டினால் சீஸ் கத்தியோடு வழிந்து போய்விடும், தக்காளி வாயைச் சுட்டுவிடும். கரண்டியால் தூக்கிக் கம்பித் தட்டின் மேலோ மரப்பலகை மேலோ வைத்து, ஐந்து நிமிடம் விடு.

11. வந்தவர்களோடு உட்கார். சமைக்கத் தெரிந்த பலர் தங்கள் வீட்டு விருந்திலேயே விருந்தாளியாக இருந்ததில்லை. அடுக்களையிலேயே நின்று, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஆறிப்போன துண்டைத் தின்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாக அப்படி நின்றார்கள் என்பது உனக்குத் தெரியும். உன் வீட்டில் அந்தப் பழக்கம் தொடரக் கூடாது என்பது என் ஆசை. உன் ஓடிஜியில் ஒரு நேரத்தில் ஒரு சட்டிதான் போகும். அதைக் குறையாக நினைக்காதே. முதல் பீட்சாவை எட்டாக வெட்டி நடுவில் வைத்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுங்கள். அதற்குள் இரண்டாவது வேகட்டும். அந்த இருபது நிமிடத்தில்தான் பேச்சு சூடுபிடிக்கும். வந்தவர்கள் உதவ வந்தால் தடுக்காதே. ஒருவர் சீஸ் துருவட்டும், ஒருவர் இலை கிள்ளட்டும். மாவில் கை வைத்தவர்கள் அந்த வீட்டை மறக்க மாட்டார்கள்.

யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வை. உன் பாட்டி கடைசி வரை சீஸ் தொட்டதில்லை; அந்த வாடையே ஆகாது. பிள்ளைகளெல்லாம் கூடி பீட்சா கேட்ட ஒரு ராத்திரி, ‘நான் மோர் சாதம் சாப்பிட்டுக்கிறேன்’ என்று ஒதுங்கி உட்கார்ந்தாள். எனக்கு அது தாங்கவில்லை. மாவில் ஒரு பங்கை எடுத்து, தக்காளியும் பூண்டும் நல்லெண்ணெயும் மட்டும் போட்டுச் சுட்டுக் கொடுத்தேன். ஒரு துண்டு தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு பிள்ளைகளுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். அன்றைக்குச் செய்ததில் எது நன்றாக வந்தது என்பது எனக்கு நினைவில்லை. அவள் இரண்டாவது துண்டு கேட்டது நினைவிருக்கிறது. யாரையும் மோர் சாதத்துக்கு ஒதுங்க விடாதே, கண்ணு. ஒருவருக்காகத் தனியாக ஒரு சின்ன வட்டம் சுடுவதற்கு ஆகும் சிரமம் ஒன்றுமேயில்லை.

12. சரியாக வராவிட்டால் புலம்பிக்கொண்டு பரிமாறாதே. ‘உப்புக் கம்மி, அடி கருகிடுச்சு, போன தடவை நல்லா வந்துச்சு’ என்று நீ சொல்லச் சொல்ல, சாப்பிடுகிறவர்கள் உனக்கு ஆறுதல் சொல்வதிலேயே நேரம் போய்விடும். கருகிய இடத்தைச் சுரண்டிவிட்டுச் சிரித்த முகத்தோடு வை. அவர்கள் போன பிறகு ஒரு நோட்டை எடுத்து, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், வெளியே என்ன வெயில், என்ன ஆயிற்று என்று எழுதி வை. என் அடுப்படி அலமாரியில் அப்படி ஒரு நோட்டு எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. உனக்கு நான் சொன்ன அளவெல்லாம் அதில் அடித்து அடித்துத் திருத்தி எழுதியவைதான்.

13. சட்டியை அன்றைக்கே துடைத்து வை. ஊறப் போடாதே, துருப் பிடிக்கும். வெந்நீரில் தேய்த்து, அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, நாலு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் உன் பிள்ளைகள் காலம் வரை வரும். மிஞ்சிய துண்டுகளை மறுநாள் காலையில் மைக்ரோவேவில் வைக்காதே, தோலாக இழுக்கும். தோசைக்கல்லில் வைத்து மூடி, சிறு தீயில் சூடாக்கு.

இந்த வாரம் கடைக்குப் போகும்போது ஈஸ்ட் பொட்டலத்தின் பின்பக்கத் தேதியைப் பார்த்து வாங்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குள் மாவைக் கலந்துவிடு. சனிக்கிழமை காலையில் டப்பாவின் அடியைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.